ஈரத்துணிக்காரம்மா

“அதை நான் பாக்கல சார்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒரு காலத்தில் எனக்கு அந்த அம்மாள்மீது எரிச்சல் இருந்தது. மருத்துவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஒருநாள் காய்ச்சல் மூன்று நாளாகும். இரண்டு தடவை எடுத்த வாந்தி விடிய விடிய எடுத்த வாந்தியாகும். அதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள நாங்கள் பழகியிருப்போம். இந்த அம்மாள் சொல்வதில் கழிக்க எதுவும் இருக்காது. தூக்கத்தில் பிள்ளை எத்தனை தடவை நனைக்கிறாள் என்று கேட்டால், “தெரியாது சார். நான் அசந்து தூங்கிருவேன். எந்திரிச்சுப் பாக்கையில பாய் நனைஞ்சிருக்கும். எப்ப நனைஞ்சதுன்னு நான் பாக்கல” என்பார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் காத்திருப்பார்கள்.

போடியில் முப்பது வருடங்களுக்கு மேல் குழந்தை மருத்துவனாக இருந்தேன். இப்போது ஓய்வு. அந்த அம்மாளின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அவருக்குச் சொந்த ஊர் மயிலாடும்பாறைப் பக்கம். கல்யாணம் ஆகி போடிக்கு வந்தவர். வீட்டுக்காரர் மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்; வாரம் ஒருமுறை இறங்கி வருவார். அம்மாளுக்கு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை. ஒரே மகள். அந்த மகளை ஆறு வயதில் என்னிடம் முதன்முதலாகக் கூட்டி வந்தார்.

“ஒண்ணுக்கு நல்லாப் போறா சார். நேரா நேரத்துக்குப் போறா. போய்ட்டு வந்து உக்காந்தா கொஞ்ச நேரத்துல துணி ஈரமாயிருது. திரும்பப் போகச் சொன்னா அப்பவும் போறா. ஈரமும் நிக்க மாட்டேங்குது.”

“எப்பலேருந்து?”

“பிறந்ததுலேருந்து. துணி காஞ்சு நான் பாத்ததில்ல.”

இதைவிடத் தெளிவாக ஒரு நோயை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இது எனக்கு ஏழு வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று, ‘போய்ட்டு வந்து’ என்று அவர் சொல்லும்போதே நான் எழுத ஆரம்பித்திருந்தேன். சில பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகும். பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குறைக்கவும். திட்ட வேண்டாம். அடுத்த ஆள்.

அவர் வேலை செய்வதை ஒருதடவை பார்த்திருக்கிறேன். ஏலக்காய் வியாபாரி ஒருவரின் பேரனுக்குக் காய்ச்சல் என்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குக் கீழேயே கடை. பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காயை முறத்தில் பரப்பி, பெரியது வேறு சிறியது வேறு வெடித்தது வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். கை ஓட ஓட வாயும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த அம்மாள் மட்டும் பேசாமல் இருந்தார். விரல்கள் வேகமாகப் போகவில்லை. ஆனால் ஒருதடவை தொட்ட காயைத் திரும்பத் தொடவும் இல்லை.

“அந்தம்மா பொறுக்குன காயை நான் திரும்பிப் பாக்குறதில்ல டாக்டர்” என்றார் வியாபாரி. “வாயத் தொறந்தாத்தான் வம்பு. போன வாரம் வெளியூர்க்காரரு வந்திருந்தாரு. ‘எல்லாம் பெரிய காய்தானம்மா’ன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறாரு. ‘அந்த மூட்டையில சின்னதும் கலந்திருக்கு’ங்குது. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்.”

“அப்புறமும் வேலையை விட்டு நிறுத்தலையா?”

“எப்படி நிறுத்துறது? அது சொன்னது நெசம்.”

இருவரும் சிரித்தோம்.

எங்கள் மருத்துவமனையிலும் அப்படி ஒன்று நடந்தது. குழந்தைகளை எடை போடும் தராசு ஒன்று வைத்திருந்தோம். ஒருநாள் மகளை அதில் நிறுத்திவிட்டு, “இந்தத் தராசு கூடக் காட்டுது” என்றார். எங்கள் நர்ஸ் வாய்த் துடுக்கானவள். “ஏக்கா, பிள்ளை வெயிட்டு போட்டா சந்தோசப்படணும். உங்க கடைத் தராசுல ஏத்திப் பாத்தீகளாக்கும்?” என்றாள்.

“ஆமா. நேத்து ஏத்திப் பாத்தேன். இங்கன அரைக்கிலோ கூட இருக்கு.”

நான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆள் வரவழைத்துத் தராசைச் சோதித்தேன். சரியாக அரைக் கிலோ கூடக் காட்டியது. மாற்றினோம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தராசு விஷயத்தில் அந்த அம்மாளின் சொல்லை ஒரே நாளில் நம்பினேன். பெற்ற பிள்ளை விஷயத்தில் நம்பவில்லை.

மகளுக்கு எட்டு வயதானபோது ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருப்பதாக முடிவு வந்தது. அதன் பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. இது பழக்கக் குறை. அம்மாளிடம் சொன்னேன்: “விளையாட்டு மும்முரத்துல அடக்கி வச்சுக்கிறா. அப்படியே விட்டுர்றா. அவ்வளவுதான்.”

அடுத்த வாரம் துணிகளோடு வந்தார். மூன்று பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துணி.

“அடக்கிவச்சு விடுறான்னு சொன்னீக. அதான் பாத்தேன். ஒண்ணுக்குப் போகச் சொல்லி, தொடச்சு, காஞ்ச துணி வச்சுவிட்டேன். பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். இது அரை மணி நேரத்துல எடுத்தது. இது அடுத்த அரை மணி நேரம். இது மூணாவது. நடுவுல அவ விளையாடல. என் கூடத்தான் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தா.”

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு அவர் வரும் நாட்களில் கதவைத் திறந்து, “ஈரத்துணிக்காரம்மா வந்திருக்காக சார்” என்பாள். அவரிடமே கேட்டாள்: “ஏக்கா, ஒரு கொடி கட்டித் தரவா? இங்கனயே காயப் போட்டுட்டுப் போறீகளா?”

“காஞ்சிட்டா சாருக்கு எப்படித் தெரியும்? ஈரமாத்தான் காட்டணும்” என்று அவர் நிஜமாகவே பதில் சொன்னார். அந்தப் பதிலை நான் என் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கூட இருந்த சிறுமி அப்போதெல்லாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பசி எடுக்கவில்லை என்று சொன்னதற்கு ஒருதடவை சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தேன். சாப்பிட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகும் சாதாரண மாத்திரை. பத்து நாள் கழித்து வந்தார்.

“மாத்திரை சாப்பிட்டதுலேருந்து ஒண்ணுக்கு நல்ல மஞ்சளாப் போகுது சார். துணியில படுறது மஞ்சளா இல்ல. தண்ணி கணக்கா இருக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல சார்.”

அன்றைக்குக் கூட்டம் அதிகம். எனக்கும் பசி. “ரெண்டும் ஒரே எடத்துலேருந்துதாம்மா வருது. உள்ள என்ன ரெண்டு தொட்டியா கட்டி வச்சிருக்கு?” என்றேன்.

“உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல சார். வெளிய வர்றது ரெண்டா இருக்கு.”

நர்ஸ் சத்தமாகவே சிரித்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன். தாய் அளவுக்கு மீறிப் பதற்றப்படுகிறவர். பிள்ளைக்குப் பழக்கக் குறை மட்டுமே. மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை. கீழே கையெழுத்தும் முத்திரையும்.

“என்ன எழுதிருக்கீக சார்?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. “பிள்ளையை ரொம்ப அக்கறையாப் பாத்துக்கிற அம்மான்னு எழுதியிருக்கேன்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

என் மருந்தில் குணமாகவில்லை என்பதால் வேறு மருத்துவர்களிடமும் போனார். தேனியில் ஒருவர், பெரியகுளத்தில் ஒருவர், கம்பத்தில் ஒருவர். எங்கே போனாலும் என் தாளை மேலே வைத்துத்தான் மகளின் மருத்துவக் கோப்பை நீட்டுவார். பிறகு என்னிடம் வந்து, அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். “அவுக தாளைப் பாத்தாக. என்னைப் பாத்தாக. வளர வளரச் சரியாகும்னு சொன்னாக.” தேனியிலும் அதுதான். கம்பத்திலும் அதுதான். எதற்கு அந்தத் தாள் மேலே இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். “நீங்க நல்லவிதமா எழுதினது அது ஒண்ணுதான சார். அதைப் பாத்தா கொஞ்சம் நின்னு கேப்பாகன்னு” என்றார்.

கோப்பு அப்போது என் கையில்தான் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதித் தர எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஏன் செய்யவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மறதி என்று சொல்ல ஆசைதான். ஆனால் மறக்கவில்லை. மற்ற மூன்று பேரும் என் முடிவையே சொன்னது எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. அவர்கள் பிள்ளையைப் பார்த்துச் சொல்லவில்லை, என் கையெழுத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பதிமூன்று வயதில் அந்தப் பெண்ணைக் குளிர்காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார். சிறுநீரில் கிருமி. உதடு வெடித்திருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது. பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குறைக்க நான் சொல்லியிருந்தேன். அவள் அதைப் பகலுக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள். காலையில் அரை டம்ளர். பிறகு சாயங்காலம்வரை ஒன்றுமில்லை. அப்படியும் வாடை வருகிறது என்று வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

மூன்று நாள் படுக்கையில் இருந்தாள். காய்ச்சல் விட்ட பிறகு பொழுது போகாமல் கோப்பைப் புரட்டியிருக்கிறாள். ஆங்கிலம் படிக்கத் தெரியும். தெரியாத சொல்லுக்குக் கைபேசி இருக்கிறது.

மாலை நான் பார்வையிடப் போனபோது அம்மாள் எழுந்து நின்றார். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“சார், இதுல நான் பதட்டக்காரின்னு எழுதிருக்காம். பிள்ளை படிச்சுச் சொன்னா. நெசமா?”

“அது டாக்டர்களுக்குள்ள எழுதுற வழக்கம்மா. அதுக்கு வேற அர்த்தம் இல்ல.”

“அக்கறைன்னு சொன்னீகளே.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“நான் பதட்டப்பட்டு எப்ப பாத்தீக சார்?”

குரல் ஏறவே இல்லை. தராசைப் பற்றிச் சொன்ன அதே குரல். பதில் வருமென்று நிஜமாகவே காத்திருந்தார். நர்ஸ் மருந்துத் தட்டோடு கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். ஏழு வருடத்தில் அந்த அம்மாள் என் முன்னால் ஒருதடவைகூட அழுததில்லை, கத்தியதில்லை, கெஞ்சியதில்லை. பதற்றப்பட்டது யார் என்று யோசித்தால், மணியைப் பார்த்துக்கொண்டே இருந்த நான்தான்.

கோப்பிலிருந்து அந்த ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார். “இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார். மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து மதுரையிலிருந்து சிறுநீரக அறுவை மருத்துவர் ஒருவரின் கடிதம் வந்தது. இதற்கு முன் யாரிடம் பார்த்தீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். அம்மாள் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி வேறெதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. கடிதத்தின் முதல் வரி, தாய் சொன்ன விவரத்திலேயே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது என்பது.

பிறகு நடந்தவை வரிசையாக இருந்தன. பெண் மருத்துவர் ஒருவரை உடன் வைத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்த பெண்ணின் உடலில், வழக்கமான துவாரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு ஊறி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். துடைத்தால் இன்னொரு சொட்டு. பெரிய ஸ்கேனில் உள்ளே இருந்தது தெரிந்தது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு குழாய்தான் இறங்க வேண்டும். இவளுக்கு இடது பக்கம் பிறவியிலேயே இரண்டு குழாய்கள். ஒன்று ஒழுங்காகப் பையில் சேர்ந்தது. மற்றொன்று பையைத் தாண்டிப்போய், அடக்கிப் பிடிக்கும் தசைக்கும் கீழே திறந்திருந்தது. அதனால்தான் நேரத்துக்கு ஒழுங்காகப் போனாள்; எந்நேரமும் ஈரமாகவும் இருந்தாள். அந்த இரண்டாவது குழாய்க்குரிய பகுதி, சிறுநீரகத்தின் உச்சியில் சுண்டுவிரல் நுனியளவு. என் ஊர் ஸ்கேனில் அது தெரியவில்லை. வளர்ச்சி குன்றிய பகுதி என்பதால் அதிலிருந்து வந்தது நீர்த்த சிறுநீர். மாத்திரையின் மஞ்சள் அதில் ஏறவே இல்லை.

வெளியே வருவது இரண்டாகத்தான் இருந்தது.

அந்தச் சிறு பகுதியையும் அதன் குழாயையும் நீக்கினார்கள். மற்றபடி சிறுநீரகத்துக்குச் சேதமில்லை. அறுவைக்கு மறுநாளிலிருந்தே துணி காய்ந்து இருப்பதாகக் கடிதம் முடிந்திருந்தது.

நான் இந்தக் குறையைப் படித்திருந்தேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பாடப்புத்தகத்தில் கால் பக்கம். ‘ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கும், ஆனாலும் எப்போதும் நனைந்திருக்கும் பெண் குழந்தை’ என்று தொடங்கும். தேர்வில் அது கேள்வியாக வந்தபோது நன்றாக எழுதினேன். அந்த வரியை அப்படியே என் எதிரில் உட்கார்ந்து சொன்னவர் ஏலக்காய் பொறுக்கும் பெண் என்பதால் எனக்கு அது காதில் விழவில்லை.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மகள் ஒன்றில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். விட்டுப்போன பாடத்தையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதாக அம்மாள் சொன்னார். என்னை மற்றொன்றில் உட்காரச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“இது ரொம்ப அபூர்வமான குறைம்மா. பெரிய டாக்டர்களுக்கே சட்டுன்னு பிடிபடாது” என்று ஆரம்பித்தேன். வரும் வழியெல்லாம் வேறு மாதிரி பேசிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் இதுதான் வந்தது.

“மதுரையிலயும் அபூர்வம்னுதான் சொன்னாக. எனக்கு இருக்கது ஒரு பிள்ளைதான சார்.”

அதன் பிறகுதான் சொன்னேன். எனக்குத் தெரிந்த நோய் என்று சொன்னேன். படித்ததைச் சொன்னேன். அவரைக் கேலி பேசிச் சிரித்ததைச் சொன்னேன். அந்தத் தாளைப் பற்றி வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்றும், அதைக் கிழித்துப்போடக் கையில் கிடைத்த சமயத்தில் கிழிக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் நடுவில் எதுவும் கேட்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது, அவர் சொல்லாதபோதுதான் எனக்கே தெரிந்தது.

“ஆத்தா, சாருக்குக் காப்பி போட்டுக் கொண்டா” என்றார்.

மகள் புத்தகத்தை மூடிவைத்து எழுந்தாள். எழுந்தவள் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பாவாடையைத் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். அதையும் கையால் ஒருதடவை துடைத்தாள். காய்ந்துதான் இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

“பாத்தீகளா” என்றார் அம்மாள் தணிந்த குரலில். “ஆப்பரேசன் முடிஞ்சு ஒரு மாசம் ஆகப்போகுது. ஒரு பொட்டு ஈரம் கிடையாது. நான் பாத்துட்டேன். அவளும் பாத்துட்டா. ஆனாலும் ஒவ்வொரு தடவை எந்திரிக்கையிலயும் இப்படித்தான். இதுக்கு என்ன செய்யணும் சார்?”

எழுதிக்கொடுக்க எனக்கு ஏதேதோ தோன்றியது. நாளாக ஆகச் சரியாகிவிடும் என்பது நாக்கு நுனிவரை வந்தது.

“தெரியலம்மா” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மகள் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு, “உக்காரும்மா, படி” என்றேன்.

“இல்ல சார், நிக்கிறேன்.”

“உக்காரு ஆத்தா” என்றார் அம்மாளும்.

“நீங்க குடிங்க சார்” என்றாள். புத்தகத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். காப்பி சூடாக இருந்தது. அவசரமாகக் குடித்தேன். நான் எழுந்து விடைபெற்றுத் தெருவில் இறங்கும்வரை அவள் உட்காரவில்லை.